பில் கிழிக்கிற கைக்கும் ஒரு வழி சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை குழந்தையின்மை பத்தி ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க. லேட் கல்யாணம், ஃபாஸ்ட் ஃபுட், செல்போன், டென்ஷன்னு எல்லாம் இருந்துச்சு. நாள் முழுக்க நாங்க கையில புடிச்சிட்டு நிக்கிற பொருளப் பத்தி ஒரு வரிகூட இல்ல, அதான் எழுதறேன்.

நான் மதுரையில ஒரு சூப்பர் மார்க்கெட்ல ஏழு வருஷமா பில்லிங் போடறேன். சனி ஞாயிறுன்னா ஒரு நாளைக்கு 300 பில்லுக்கு குறையாது. அந்த பில் பேப்பர எடுத்து நகத்தால ஒரு கீறு கீறிப் பாருங்க, கருப்பா கோடு விழும். அதுல இங்க்கே கிடையாது. மேல ஒரு கோட்டிங், அதுல சாயமும் அதை கருக்க வைக்கிற கெமிக்கலும் இருக்கும், பிரிண்டர் சூடு வச்சதும் ரெண்டும் சேர்ந்து எழுத்தாகுது. அந்த கருக்க வைக்கிற கெமிக்கல்தான் பல ரோல்ல பிஸ்பீனால் ஏ, சுருக்கமா பிபிஏ. எம்எஸ்சி கெமிஸ்ட்ரி படிச்ச என் தங்கச்சிதான் இத சொன்னா. பிளாஸ்டிக் கேன்ல இருக்கிற பிபிஏ இறுக பிணைஞ்சு கிடக்கும், கொஞ்சம் கொஞ்சமாதான் கசியும், பேப்பர்ல அப்படியே தூளா நிக்குதுக்கா, தொட்டா கையோட வந்துரும்னா.

இது பொம்பளைங்க ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாதிரி உடம்புல நடிக்கும்னு 1930கள்லயே லண்டன்ல டாட்ஸ்னு ஒரு விஞ்ஞானி கண்டுபிடிச்சிட்டாராம். ஹார்மோன் மருந்தா ஆகுமான்னு பாத்த சரக்கு, பின்னாடி பிளாஸ்டிக்குக்கும் பேப்பருக்கும் போயிருச்சு. ஐரோப்பிய யூனியன் 2017ல இத இனப்பெருக்கத்துக்கு நச்சுன்னே லிஸ்ட்ல சேத்தாச்சு, 2020 ஜனவரியிலேர்ந்து பில் பேப்பர்ல எடையில 0.02 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னும் சொல்லியாச்சு. நம்ம நாட்டுல குழந்தைங்க பால் பாட்டில்ல பிபிஏ இருக்கக் கூடாதுங்கிற அக்கறை பில் ரோலுக்கு வரல, ரோல் டப்பாவுல என்ன கெமிக்கல்னு ஒரு எழுத்து கிடையாது, நான் திருப்பித் திருப்பி பாத்துட்டேன்.

எனக்கு கல்யாணமாகி அஞ்சு வருஷம், இன்னும் குழந்தை இல்ல. அதுக்கு இந்த பேப்பர்தான் காரணம்னு நான் சொல்ல வரல, எனக்கு பிசிஓடி, அதான் சினைப்பை நீர்க்கட்டி, வேற இருக்கு. ஆனா இத்தனை ஸ்கேன் இத்தனை மாத்திரையில ஒரு டாக்டர் கூட நீ என்ன வேலை பாக்குறன்னு கேட்டதில்ல. (என் வீட்டுக்காரர டெஸ்டுக்கு கூட்டிட்டுப் போகவே மூணு வருஷம் ஆச்சு, அது தனிக் கதை.)

2014ல அமெரிக்காவுல 24 பேர ரெண்டு மணி நேரம் வெறுங்கையால பில் பேப்பர புடிக்க வச்சு யூரின் டெஸ்ட் பண்ணிருக்காங்க, பிபிஏ ஏறிருக்கு. அதே வேலைய கிளவுஸ் போட்டு செஞ்சப்ப சொல்ற மாதிரி ஏறல. ரெண்டு மணி நேரத்துக்கே அப்படின்னா எங்க டூட்டி பத்து மணி நேரம் சார். இதுல சானிடைசர் போட்ட ஈரக்கையால தொட்டா இன்னும் வேகமா தோலுக்குள்ள போகுமாம், கொரோனா டைம்ல பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை சானிடைசர் அடிச்சு அடிச்சுதான் பில் கிழிச்சோம், யாருக்குத் தெரியும். சாப்பாட்டு பிரேக் இருபது நிமிஷம், அதுல சோப்பு தேடி கை கழுவிட்டு தயிர் சோறு பிசையறதுக்குள்ள மணி அடிச்சிரும். பை ரெண்டு கையிலயும் இருக்குன்னு கஸ்டமர் அக்காங்க பில்ல பல்லுல கடிச்சிட்டுப் போறத தினம் பாக்குறேன், இடுப்புல இருக்கிற பாப்பா அத புடுங்கி சப்பும்.

பிபிஏ இல்லாத ரோல்னு ஒண்ணு வருது, ஆனா அதுல பலதுல பிஸ்பீனால் எஸ், சுருக்கமா பிபிஎஸ்னு அண்ணனுக்குத் தம்பி மாதிரி இன்னொன்ன போட்டுடறாங்க, சுவிட்சர்லாந்துல ரெண்டையும் சேத்தே தடை பண்ணிட்டாங்க. செஞ்சா அப்படி செய்யணும்.

கடையில நிக்கிறவங்களுக்கு உக்கார சேர் குடுக்கணும்னு 2021ல நம்ம தமிழ்நாட்டுல சட்டம் கொண்டு வந்தாங்கல்ல, அது மாதிரி இதுக்கும் ஒண்ணு வேணும். பிஸ்பீனாலே இல்லாத ரோல், பில்லிங்ல இருக்கிறவங்களுக்கு கிளவுஸ், கர்ப்பமா இருந்தா சம்பளம் குறைக்காம வேற செக்‌ஷன், வேணாம்னு சொல்ற கஸ்டமருக்கு மொபைல்ல பில். பில்லிங்ல நிக்கிறது முக்காவாசி கல்யாண வயசுப் பொண்ணுங்க.

கிளவுஸ் கேட்டதுக்கு எங்க சூப்பர்வைசர், ஆபரேஷன் தியேட்டரா இதுன்னு சிரிச்சார். அவரும் உங்க பேப்பர்தான் வாங்குறார், அதனால என் பேர மட்டும் போட்டுடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு பில்லிங் ஊழியர்,
மதுரை