லிப்ட்டில் ஒரு மாடி குறைத்து

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. 21 நாள் நடந்தால் பழக்கமாகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி ஆரம்பித்து, ஒன்பதாம் நாள் மழையில் விட்டுப்போனதும் மொத்தத்தையும் ஏறக்கட்டிவிட்டதாக எழுதியிருந்தாய். சிரிப்பு வந்தது. இங்கே வந்த முதல் வருஷம் என் கதையும் அதுதான்.

குளிர்காலத்தில் மாலை நான்கரைக்கே இருட்டிவிடும். பகலெல்லாம் நாற்காலி, வீட்டுக்கு வந்தால் சோபா. ஆறு கிலோ ஏறிவிட்டது. ஜிம்முக்கு ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். போனது எண்ணி ஏழு நாள்.

கைகொடுத்தது லிப்ட்தான். என் வீடு ஐந்தாவது மாடி. ஒருநாள் கை தவறி 4-ஐ அழுத்தி அங்கே இறங்கிவிட்டேன். திரும்ப லிப்ட் வரும்வரை நிற்கச் சோம்பல்பட்டு ஏறினேன். பதினாறு படி. சோம்பேறித்தனத்தால் வந்த உடற்பயிற்சி! மறுநாளிலிருந்து வேண்டுமென்றே 4. எப்படியும் வீட்டுக்கு வந்தாக வேண்டும், ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியாக வேண்டும். தனியாக மனசைத் தயார் பண்ண வேண்டியதில்லை. ஒரு மாதம் கழித்து 3. அந்தப் படிக்கட்டில் ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும். மூச்சு வாங்க நடுவில் நிற்பேன், அணைந்துவிடும். இருட்டில் கையை ஆட்டி ஆட்டி எரியவைப்பேன்.

அந்த 21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷனுக்குப் பிறகு புது முகம் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். 'குறைந்தது' எப்படியோ உதிர்ந்துபோய்விட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பார்த்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பழக்கம் படிய ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை என்று கணக்கு வந்தது, நடுவாக 66. நடுவே ஒருநாள் விட்டதால் பெரிதாக எதுவும் கெடவில்லையாம். உன் மழை நாளும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

உனக்குப் படி வேண்டாம், மூட்டு வலி இருக்கிறது. காலை மாத்திரையை மட்டும் நீ மறந்ததே இல்லை. அதைப் போட்ட கையோடு செருப்பை மாட்டித் தெருமுனை வரை போய்த் திரும்பு. இன்னும் போகலாம் என்று தோன்றினாலும் முதல் வாரம் வேண்டாம். மழையா? வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் அடுப்படிக்கும் நாலு தடவை நட, போதும்.

நான் இப்போது 2-ஐ அழுத்துகிறேன். மளிகைப் பை கனத்தால் மட்டும் 5.

அன்புடன்,
தம்பி