கீழ்வீட்டுக்காரரின் கேசட்

லாண்டோவர், மேரிலாந்து
20 டிசம்பர் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. போனில் ரெண்டு வார்த்தை பேசினால் ஆயிற்றா என்று திட்டியிருந்தாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆபீஸில் வேலை கொஞ்சம் மந்தம், வீட்டில் நேரம் கிடைக்கிறது. காரை விற்றுவிட்டேன், நடந்தால் உடம்புக்கு நல்லதுதானே.

பனியிலும் கறுப்புப் பனியனோடு குப்பை போட வரும் கீழ்வீட்டுக்காரர், போன ஞாயிறு காலை என்னை இழுத்துக்கொண்டு போனார். 1973இல் கட்டிய கேபிடல் சென்டர் அரங்கத்தை வெடி வைத்து இடித்தார்கள். கூரை அப்படியே உட்கார்ந்தது, அப்புறம் எல்லாம் புழுதி. மனுஷன் அழுதுவிட்டார்.

சாயங்காலம் ஒரு கேசட் போட்டுக் காட்டினார். 1986 மே 31, அந்த அரங்கத்தில் ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற குழுவின் கச்சேரி. ‘ஹெவி மெட்டல்’ என்று காதைப் பிளக்கும் ராக் இசை. ஜான் ஹெய்ன், ஜெஃப் க்ருலிக் என்று இரண்டு பேர், இரவல் கேமராவோடு போய், வெளியே கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்த ரசிகர்களைப் படம் பிடித்திருக்கிறார்கள். ‘ஹெவி மெட்டல் பார்க்கிங் லாட்’ என்று பெயர், 17 நிமிடம்தான். விளக்கம் சொல்ல ஆள் கிடையாது. சட்டையில்லாத பையன்கள், கையில் பீர், மைக்கைப் பார்த்ததும் ஒரே கத்தல். ஒருவன் உடம்பெல்லாம் வரிக்குதிரைக் கோடு போட்ட உடையில் நின்று, மற்ற பாட்டெல்லாம் குப்பை என்கிறான். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதி எடுத்தே ஊரெல்லாம் பரவிய படம், அதனால் முகங்கள் கலங்கல். ஓரிடத்தில் நிறுத்தி, மூலையில் மங்கலாகத் தெரிந்த தலையைக் காட்டி, “நான்தான்” என்றார். எனக்கு முடிதான் தெரிந்தது. சரி என்று சொல்லிவைத்தேன்.

அம்மன் கொடையில் மெல்லிசைக் கச்சேரி தொடங்குமுன், பெரியப்பா பையன்கள் ஜெனரேட்டர் பக்கம் நின்று இதே ஆட்டம்தானே போடுவார்கள்? மாடிக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை அக்கா. அங்கே மார்கழி, விடிகாலையில் ஸ்பீக்கர் அலறும். அதற்கு எரிச்சல்பட்டவன் நான்.

அது கிடக்கட்டும். கிணற்றுப் பங்குக்குச் சித்தப்பா கையெழுத்து கேட்டால், அத்தான் பத்திரத்தை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், அம்மாவிடம் சொல்லாதே. பாப்பாவுக்குக் காதுகுத்து தையில் என்று எழுதியிருக்கிறாய். சித்திரைக்குத் தள்ளிவைக்க முடியுமா? அதற்குள் எப்படியும் வந்துவிடுவேன். முடியாது என்றால் பெரியப்பா பையன் மடியில் உட்காரவை. தோடு மட்டும் தாய்மாமன் செலவு, அத்தானை முந்திக்கொள்ள விடாதே.

அன்புடன்,
தம்பி