பேருந்து வந்தது, நடைபாதை எங்கே?

ஆசிரியருக்கு,

சென்னையில் மின்சாரப் பேருந்துகள் கூடுவது பற்றிய செய்தியைப் படித்தேன். 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் கிளம்பியபோதே மகிழ்ந்தவன் நான். புகை இல்லை, படியேறும் அவஸ்தையும் இல்லை. ஆனால் டீசல் பேருந்தை மாற்றினால் மட்டும் போதாது, ஸ்கூட்டரிலும் காரிலும் போகிறவர்கள் பேருந்தில் ஏற வேண்டும். எங்கள் பகுதியில் நிறுத்தம் ஐந்து நிமிட நடைதான். நடைபாதையில் பாதியை மின்மாற்றியும் மீதியை பைக்குகளும் பிடித்துக்கொண்டதால், சாலையில் இறங்கி நடக்கப் பயந்தே பலர் வண்டியை எடுக்கிறார்கள்.

மின்சாரப் பேருந்து விடும் தடங்களில், ஒவ்வொரு நிறுத்தத்தைச் சுற்றியும் அரை கிலோமீட்டருக்காவது நடைபாதையைச் சீர்செய்வதை அந்தத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடலாம்.

- வாசகர், சென்னை