கேத்திப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் சரிவு நிலத்தைப் படிமட்டங்களாக, அதாவது படிக்கட்டுப் போன்ற சமதள வயல்களாக, மாற்ற உதவியவர்களுக்கு நன்றி சொல்லவே இம்மடல். தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் அந்த நிலம் தாங்கியதைக் கண்ட பிறகே இம்மடலை எழுதுவது என்று காத்திருந்தோம். மழை ஓய்ந்தபின் எங்கள் ஹட்டிக்கு (நீலகிரிப் படகர் ஊருக்கு)க் கீழே உள்ள ஓடையில் இறங்கிப் பார்த்தோம். ஆண்டுதோறும் செம்மண் கரைசலாய்ப் பவானியை நோக்கி ஓடிய நீர், இம்முறை அடியிலிருந்த கல் தெரியும்படி ஓடியது.

உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் பார் (மண்மேட்டு வரிசை) பிடிப்பது எங்கள் வழக்கம். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். அது வீண் அச்சமும் அன்று. 1954 முதல் உதகையில் இயங்கிவரும் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள் அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கவில்லை. படிமட்டம் மலைப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும், உள்ளோரத்து வாய்க்கால் வழியே நீர் மெல்ல வடிய வேண்டும் என்று வயலிலேயே நின்று காட்டினார்கள். 25 சதவீதச் சரிவில் எக்டருக்குச் சுமார் 39 டன் வரை அரித்துச் செல்லப்பட்ட மண், படிமட்டத்தில் ஒரு டன்னுக்கும் கீழே குறைந்தது என்ற அவர்களது ஆய்வு முடிவைக் கேட்டபோதுதான் எத்தனை தலைமுறை மண்ணை இழந்திருக்கிறோம் என்பது உறைத்தது. 2019 ஆகஸ்டில் எங்கள் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதைக் கண்டவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைத்து, நிலத்தைச் சமன்செய்தபின் மீண்டும் பரப்பிக் கொடுத்த வேளாண்மைப் பொறியியல் துறையினருக்கு நன்றி. அந்தப் பொறுமை இல்லாதிருந்தால் முதல் போகமே பொய்த்திருக்கும். மழைக்கு முன்பே படிகளின் முகப்பெங்கும் புல் நட்டு முடித்த எங்கள் ஹட்டிப் பெண்களுக்கும் நன்றி.

எல்லோருக்கும் மேலாக, கீழ்ச்சரிவில் நிலம் வைத்திருக்கும் அந்தப் பெரியவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். எத்தனை படிமட்டம் அமைத்தாலும், வடியும் நீர் யாரேனும் ஒருவர் நிலத்தின் வழியாகத்தான் ஓடைக்குப் போக வேண்டும். மூன்று கூட்டங்களில் தீராத அந்தச் சிக்கலை, தம் நிலத்தின் ஓரத்தில் புல் வடிகாலுக்கு இடம்விட்டு அவர் தீர்த்து வைத்தார். அந்த இடத்தில் இனி அவரால் ஒரு கிழங்கும் விளைவிக்க முடியாது. ஈடாகப் பணம் எதையும் அவர் ஏற்கவில்லை. அந்த வடிகாலை ஒவ்வொரு மழைக்கும் முன்பு நாங்களே தூர்வாரித் தருவோம் என்பதை இம்மடலின் வாயிலாக அவருக்கு உறுதியளிக்கிறோம்.

நன்றியுடன்,
ஹட்டி விவசாயிகள் சார்பில்