பிளாக்ஃபிரையர் பப் மடாலயம் அல்ல

ஆசிரியருக்கு,

லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள 'பிளாக்ஃபிரையர்' ('கருப்புத் துறவி') என்ற பப்பை, அதாவது மதுக்கடையை, இடைக்கால மடாலயத்தின் எச்சம் என்று தங்கள் பயணப் பக்கக் கட்டுரை சொல்கிறது. வாசலுக்கு மேலே தொப்பையும் சிரிப்புமாக நிற்கும் துறவியைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கருப்பு மேலங்கி அணிந்த டொமினிக்கன் துறவிகளின் மடம் 1538இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. அந்த நிலத்தில் இந்தப் பப் எழுந்தது 1875 வாக்கில்.

குயின் விக்டோரியா தெரு சாய்வாக வந்து நியூ பிரிட்ஜ் தெருவைத் தொடும் முக்கில் மிஞ்சியது ஆப்பு வடிவ மனை. வீட்டுக்கு உதவாத அந்த வடிவம் மதுக்கடைக்குக் கொள்ளை லாபம்: இரண்டு தெருவிலிருந்தும் கண்ணில் படும், இரு பக்கமும் வெளிச்சம், வெவ்வேறு அறைகளுக்குத் தனித்தனி வாசல். முனை மொட்டையாக இருப்பதால் சிலைக்கும் இடம் கிடைத்தது.

நாம் ரசிக்கும் அலங்காரம் விக்டோரியா காலத்தது அல்ல, எட்வர்ட் மன்னர் காலத்தது. 1905 வாக்கில் கட்டடக் கலைஞர் ஃபுல்லர் கிளார்க் கீழ்த்தளத்துக்குப் புதுச்சட்டை போட்டார். மேல்மாடிகள் அநேகமாகப் பழைய செங்கல்லாகவே நிற்கின்றன. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலே இரண்டு காலமும் பிரியும் இடம் தெரியும். உள்ளே பல நிறப் பளிங்குப் பலகைகளும், ஹென்றி பூல் போன்ற சிற்பிகளின் செப்புப் புடைப்புச் சிற்பங்களும் உள்ளன. துறவிகள் மீன் பிடிக்கும் காட்சிக்கு 'நாளை வெள்ளிக்கிழமை' என்று தலைப்பு. வெள்ளியன்று கத்தோலிக்கத் துறவிகளுக்கு இறைச்சி கூடாது, மீன் கூடும் என்பதுதான் நகைச்சுவை. கட்டுரையாளர் இதை ஏன் விட்டார் என்று தெரியவில்லை. மூன்று தாழ்வான வளைவுகளுக்கு அப்பால் இருக்கும் குகை போன்ற அறை, ரயில் பாதையின் அடியில் உள்ள கமானுக்குள், முதல் உலகப் போர்க்காலத்தில் தொடங்கி 1921 வாக்கில் முடிந்தது.

கட்டுரையில் வரும் "பளபளப்பாகப் பராமரிக்க வேண்டும்" என்ற வரிதான் எங்களைக் கவலைப்பட வைத்தது. பளிங்கு சுண்ணாம்புக்கல் இனம். எலுமிச்சை, வினிகர், கழிவறை அமிலம் எது பட்டாலும் மேற்பரப்பு கரைந்து மங்கும், பிறகு தேய்த்து மெருகேற்றினால்தான் சரியாகும். நடுநிலைச் சோப்பு, மென்மையான துணி, கொஞ்சம் தண்ணீர் போதும். செம்பைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துறவியின் மூக்கும் விரல்களும் முதலில் தேயும். கருத்த படலம் அழுக்கல்ல, அதை விட்டுவிட வேண்டும்.

இத்தகைய கட்டடங்களில் பெரிய சேதம் மேலிருந்து வருகிறது. அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாயிலிருந்து வழியும் நீர் பலகைகளின் பின்புறம் இறங்கும். அவற்றைச் சுவரில் பிடித்திருக்கும் இரும்புக் கொக்கிகள் துருப்பிடித்துப் பருத்து, பளிங்கை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். விரிசலை மட்டும் பூசி மூடுவது வீண். முதலில் குழாய், அடுத்து கொக்கி (துருப்பிடிக்காத எஃகில்), அதற்குப் பிறகே பூச்சு. செங்கல் இணைப்புகளைச் சிமெண்டால் அடைப்பது அதைவிடக் கேடு: சாந்து வழியாக வெளியேற வேண்டிய ஈரம் செங்கல்லுக்குள் தங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, செங்கல்லின் வெளிப்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கும். சுண்ணாம்புச் சாந்துதான் வேண்டும். சிறு துண்டுகளைப் பதித்துச் செய்த மொசைக்கை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கலாம். பொள்ளென்று ஒலித்தால் பின்புறப் பிடிப்பு போய்விட்டது.

1960களில் இதை இடிக்கத் திட்டமிட்டார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமன் உள்ளிட்டோர் எதிர்த்ததால் தப்பியது. இன்று மரபுக் கட்டடங்களுக்கான இரண்டாம் தர நட்சத்திரப் (Grade II*) பாதுகாப்புப் பட்டியலில் உள்ளதால், மேற்படி பழுதுகளைச் சரிசெய்யும்போதும் கட்டடத்தின் தன்மை மாறுமானால் முன் அனுமதி பெற வேண்டும். திருத்தத்தை வெளியிடும்போது 'மடாலயம்' என்ற சொல்லோடு 'பளபளப்பாக' என்பதையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மரபுக் கட்டடப் பராமரிப்புப் பணியாளர்கள்,
லண்டன்