குத்தகைக்கு விடுமுன் வயலின் கதையைச் சொல்லுங்கள்

கொடைக்கானல் மேல்மலையில் வயல் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

மன்னவனூர்ப் பக்கம் மூன்று வருடக் குத்தகைக்கு ஒரு வயல் எடுத்தேன். முன்பு உருளை போட்டிருந்ததாக மட்டும் சொன்னார்கள். சரி, நல்ல மண்தான் என்று ஸ்ட்ராபெரி வைத்தேன். காய்ப்புக்கு வரும் நேரத்தில் வெளி இலைகள் ஓரம் கருகிச் சாய்ந்தன. நடுக்குருத்து மட்டும் பச்சையாக நின்றது. அப்புறம்தான் பக்கத்து வயல்காரர் சொன்னார், முந்தின உருளையும் பாதியிலேயே வாடியதாம்.

பரிசோதனையில் வெர்டிசீலியம் என்று வந்தது. மண்ணில் வாழும் பூஞ்சை. வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துவிடும். உருளை, தக்காளி, கத்தரி, ஸ்ட்ராபெரி எல்லாம் அதற்குத் தீனி, முட்டைக்கோசும் காலிஃபிளவரும்கூட. நம் வயலோரம் தானாக முளைக்கும் மணத்தக்காளியும் அதைச் சுமக்கும் (கீரைக்கு விட்டுவைப்போமே, அதேதான்). செடி செத்தாலும் அந்தப் பூஞ்சை உறங்கிக் கிடக்கும் கருந்துகள்கள் பத்து வருடத்துக்கு மேல் மண்ணில் கிடக்கும். ஒரு வருடம் தரிசு போட்டால் போய்விடும் என்பது பேச்சுக்குத்தான். மண்வெட்டியில், பவர் டில்லரில், விதைக் கிழங்கில், மேல் வயலிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீரில் என்று எதிலும் அடுத்த வயலுக்குப் போகும்.

எல்லா வாடலும் இது இல்லை. தண்டை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். பால் போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இழை இல்லாமல், தண்டின் உள்ளே பழுப்பு வளையம் மட்டும் தெரிந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். அதிலும் ஃபுசேரியம் என்ற பூஞ்சை வேறு ரகம்: முட்டைக்கோசை வாட்டும் ஃபுசேரியம் உருளையைத் தொடாது. ஆளுக்கொரு பயிர் பிடித்துக்கொண்டிருக்கும் அது. வெர்டிசீலியத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால்தான் "பயிரை மாற்றிப் போடு" என்ற ஒற்றை அறிவுரை என் வயலில் பலிக்கவில்லை. உருளையை மாற்றி ஸ்ட்ராபெரி போட்டது, ஒரே எதிரிக்கு வேறு சாப்பாடு வைத்ததுபோல் ஆயிற்று.

சொன்னால் குத்தகைப் பணம் குறையும் என்று பயப்படுகிறீர்கள், புரிகிறது. ஆனால் அந்த வயலில் கேரட்டும் பூண்டும் போடலாம்; வெர்டிசீலியம் அவற்றை அவ்வளவாகச் சீண்டாது. பூண்டுக்கு அடியழுகல் என்ற தன் சொந்தத் தொல்லை உண்டு, அது தனிக்கதை. மக்காச்சோளமும் தப்பிக்கும். எது வாடியது, எந்த மூலையில் தொடங்கியது, எந்த வருடம் என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தால் எடுப்பவர் பயிரை அதற்கேற்ப வைத்துக்கொள்வார்.

என் குத்தகை தை மாதம் முடிகிறது. அடுத்து வருகிறவருக்கு வாடிய மூலையை நானே நடந்து காட்டப் போகிறேன். வயல்காரர் கூட வந்து நின்றால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு குத்தகைக்காரன்