காஃப் சதுக்கத்தில் ஒரு செங்கல் வீடு

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்தது கேட்டு நிம்மதி. பைக்கை மட்டும் இப்போதைக்குத் தொடாதே. இங்கே பேத்தி நன்றாக இருக்கிறாள். ராத்திரி எங்களைத் தூங்க விடுவதில்லை, அவ்வளவுதான்.

பகலில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் லண்டனைச் சுற்றக் கிளம்பிவிடுகிறேன். ஃபிளீட் தெருவுக்குப் பின்னால் சந்து சந்தாகப் போனால் காஃப் சதுக்கம் வருகிறது. அங்கே 17-ஆம் எண் வீடு, ரிச்சர்டு காஃப் என்ற கம்பளி வியாபாரி 1700 வாக்கில் கட்டியது. சாமுவேல் ஜான்சன் 1748 முதல் 1759 வரை அதில் வாடகைக்கு இருந்தார். கூரைக்கு அடியில் உள்ள மச்சில் உதவியாளர்களை உட்கார வைத்து ஆங்கில அகராதியைத் தொகுத்தார். வருகிறவர்கள் அகராதிக்காக வருகிறார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீயும் அதைத்தான் செய்திருப்பாய்.

லண்டனின் 1666 பெருந்தீக்குப் பிறகு, வெளிச்சுவர் செங்கல்லிலோ கல்லிலோதான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். எத்தனை மாடிக்குச் சுவர் எவ்வளவு கனம் என்பதுகூட அதில் உண்டு. அதற்கும் திருப்தியில்லாமல், இந்த வீடு எழும்பிய பிறகு 1707-இல் மரத்தாலான கூரை விளிம்பைத் தடுத்தார்கள். 1709-இல் ஜன்னல் சட்டத்தைச் சுவர் முகப்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னார்கள். ஜார்ஜ் மன்னர்கள் காலத்து வீடுகளின் அழகு என்று படம் எடுக்கிறார்களே, அதில் பாதி தீக்குப் பயந்த அழகு.

திருட்டுப் பயம் வாசலில் தெரிகிறது. கதவில் கனத்த சங்கிலி. அதன் கொக்கி திருகு வடிவம். கதவுக்கு மேலே வெளிச்சம் வரும் கண்ணாடிக்குக் குறுக்கே முள் வைத்த இரும்புக் கம்பி. அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு பையனை உள்ளே இறக்கித் தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்வார்களாம்! முதல் மாடியில் மரத் தடுப்புகள் கீலில் திரும்புகின்றன. மூடினால் தனித்தனி அறை, திறந்தால் ஒரே கூடம். நம் ஊர் ஃபிளாட்காரர்கள் பார்க்க வேண்டியது.

அப்புறம், உனக்குப் பிடித்த விஷயம். பாலிடெக்னிக்கில் வரைந்து வரைந்து கை வலித்த பிளெமிஷ் பாண்டு என்ற செங்கல் அடுக்கு முறை ஞாபகம் இருக்கிறதா? குறுக்கே வைத்துச் சின்ன முனை மட்டும் வெளியே தெரியும் ஒரு ஹெட்டர், நீளப் பக்கம் தெரியும் ஒரு ஸ்ட்ரெட்சர் என்று மாறி மாறி வருமே, அதே கட்டுதான் அந்தக் காலத்து லண்டன் முகப்பு முழுக்க. ஆனால் பல வீடுகளில் ஹெட்டர் வெறும் வேஷம். முகப்புக்கு நல்ல செங்கல், மெல்லிய சாந்து. உள்ளே மட்டக் கல், தடித்த சாந்து. இரண்டின் வரிசையும் ஒரே மட்டத்துக்கு வராது. உடனே கொத்தனார் கல்லை இரண்டாக உடைத்து, பாதியை மட்டும் முகப்பில் ஒட்டிவிடுவார். உள்சுவரைப் பிடித்துக்கொள்ள ஹெட்டர் இல்லாததால், காலப்போக்கில் முகப்பு தனியாகத் தொப்பை போட்டுவிடும். வீட்டைக் கட்டியவர்களில் பலருக்கு நிலம் குத்தகைதான். குத்தகை முடியும்வரை நின்றால் போதும் என்று கட்டியிருக்கிறார்கள். கான்ட்ராக்டர் எந்த ஊரிலும் கான்ட்ராக்டர்தான், போ.

உன் தம்பி வீட்டு முன்சுவர் விரிசல் என்ன ஆயிற்று? அது பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டு. யாராவது சிமெண்ட் பூசி மறைக்கலாம் என்று வந்தால் விடாதே. ஈரம் உள்ளேயே தங்கிக் கல் பொரிந்துவிடும். முதலில் விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிப் பாருங்கள். அது உடைந்தால் விரிசல் இன்னும் விரிகிறது என்று அர்த்தம். உடைகிறதா இல்லையா என்று எழுது. மற்றதை நான் தை மாதம் வந்ததும் நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
சேகர்